வாசகர் கேள்விகள்: சைனஸ் ஆபரேஷனில் ரத்தக்கசிவும் மயக்க மருந்துகளும்

எண்டோஸ்கோப் மூலம் செய்யும் சைனஸ் ஆபரேஷனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரத்தக்கசிவைப் பற்றியே கேட்டன. நோயாளிகளின் வீட்டார், தியேட்டர் ஊழியர்கள், மேற்படிப்பு மாணவர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இங்கே பதில் சொல்கிறார்கள். கீழே வரும் மருந்தளவுகள் 60 கிலோ எடையுள்ள, வேறு நோய் இல்லாத பெரியவருக்கானவை. தியேட்டரில் இருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளத்தான் அவற்றைத் தருகிறோம்.

என் கணவருக்கு வயது 52. மூக்கில் சதை வளர்ந்து சைனஸ் முழுக்க அடைத்திருக்கிறது. ‘ஆபரேஷன் நேரத்தில் பி.பி.யைக் கொஞ்சம் இறக்கி வைப்போம், அப்போதுதான் ரத்தம் அதிகம் வராது’ என்று மயக்க டாக்டர் சொன்னார். இவரோ பல வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். இறக்கினால் மூளைக்கு ரத்தம் போகாமல் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, கரூர்

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. முதலில், எதற்காக இறக்குகிறார்கள் என்று பார்ப்போம். இந்த ஆபரேஷனில் உடலிலிருந்து போகும் ரத்தம் பொதுவாகக் குறைவுதான். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை அபூர்வம். ஆனால் டாக்டர் வேலை செய்வது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பின் நுனி காட்டுவதை வைத்து. அந்த நுனியில் இரண்டு சொட்டு ரத்தம் பட்டால் போதும், திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. மேலே மூளையின் தளம். ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸின் பக்கச் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் கரோடிட் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. ரத்தம் மறைத்த இடத்தில் கருவியை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தைக் குறைப்பது, டாக்டரின் கண்ணுக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

எவ்வளவு இறக்கலாம்? மயக்க டாக்டர்கள் பார்ப்பது சராசரி அழுத்தத்தை. கீழ் எண்ணோடு, இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் அது கிடைக்கும். 120/80 என்றால் 93. ஆரோக்கியமான இளைஞருக்கு இதை 65 வரை இறக்கினாலும் மூளை தாங்கும். மூளையின் ரத்தக்குழாய்கள் தாமாகவே விரிந்து, போகும் ரத்தத்தைச் சமன் செய்துகொள்ளும். வருடக்கணக்கில் பி.பி. உள்ளவருக்கு இந்தச் சமன்பாடு உயர்ந்த அளவுகளுக்குப் பழகியிருக்கும். ஆகவே, அவரது வழக்கமான அளவிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது. உங்கள் கணவருக்கு வழக்கமாக 140/90 இருந்தால் சராசரி 107. அவருக்கு எல்லை 75. இளைஞருக்கு வைக்கும் 65 அவருக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் படுக்க வைப்பார்கள். பி.பி. பட்டை கட்டியிருப்பது கையில். காது இருக்கும் மட்டம் அதைவிட 15 செ.மீ. மேலே என்றால், மூளைக்குக் கிடைக்கும் அழுத்தம் மானிட்டர் காட்டுவதைவிட 11 அளவுக்குக் குறைவு. நல்ல மயக்க டாக்டர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை: வீட்டில் பத்து நாள் பி.பி. பார்த்துத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். அவருடைய ‘வழக்கமான அளவு’ எது என்று டாக்டருக்குத் தெரிய வேறு நல்ல வழி கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது பதற்றத்தில் கூடத்தான் காட்டும். அட்டெனலால், மெட்டோப்ரோலால், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வார்கள். டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் வகைகளைப் பெரும்பாலும் முந்தைய நாளோடு நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பி.பி. சட்டென்று விழுந்து ஏறாமல் அடம்பிடிக்கும் என்பதால். எது எது என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தது, நெஞ்சுவலி, ஸ்டென்ட், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு, சிறுநீரகக் கோளாறு, கடுமையான ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இருந்தால் பி.பி.யை இறக்கும் பேச்சையே விட்டுவிட்டு வேறு வழிகளில் ரத்தத்தைக் குறைப்பார்கள். 180/110-க்கு மேல் இருக்கிறதென்றால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பதுதான் சரி. சைனஸ் காத்திருக்கும்.

எங்கள் தியேட்டரில் ஒரு டாக்டர் நைட்ரோகிளிசரின் கேட்கிறார், இன்னொருவர் டெக்ஸ்மெடிடோமிடின், வேறொருவர் எஸ்மோலால். ஒரே பி.பி.யில் ஒரு நாள் ரத்தம் குறைவாக இருக்கிறது, ஒரு நாள் நிற்காமல் வருகிறது. ஏன்? எந்த மருந்து நல்லது? கரைக்கும் அளவுகளையும் சொல்லுங்கள்.
மயக்கவியல் டெக்னீஷியன், திருநெல்வேலி

நீங்கள் கவனித்தது மிகச் சரி. பி.பி. எவ்வளவு குறைந்தது என்பதைவிட எந்த வழியில் குறைந்தது என்பதே இந்த ஆபரேஷனில் முக்கியம். பி.பி.யைத் தீர்மானிப்பவை இரண்டு: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, ரத்தக்குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. நைட்ரோகிளிசரின் இரண்டாவதைத் தளர்த்துகிறது. எண் இறங்கும், ஆனால் மூக்கின் சவ்விலுள்ள நுண்குழாய்களும் சேர்ந்தே விரியும். பி.பி. விழுந்ததைக் கண்டு இதயம் வேகமெடுக்கும். விரிந்த குழாய்க்குள் வேகமாக ரத்தம் பாயும். மானிட்டரில் சராசரி 60, எண்டோஸ்கோப் திரையில் சிவப்பு. சைனஸ் ஆபரேஷனில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இந்த நுண்குழாய்க் கசிவுதான். பெரிய தமனி அல்ல.

எஸ்மோலாலும் டெக்ஸ்மெடிடோமிடினும் இதயத்தை நிதானப்படுத்தி பி.பி.யைக் குறைப்பவை. துடிப்பு 60-க்குப் பக்கத்தில் நின்றால், சராசரி 70 இருந்தாலும் திரை தெளிவாக இருக்கும். போசார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1995-இல் நைட்ரோபுருசைடையும் எஸ்மோலாலையும் ஒப்பிட்டார்கள். நைட்ரோபுருசைடும் நைட்ரோகிளிசரின் போல ரத்தக்குழாயை விரிப்பது. எஸ்மோலால் கொடுத்தவர்களுக்கு பி.பி.யை அவ்வளவு தாழ்த்தாமலே நல்ல பார்வை கிடைத்தது. அந்த ஆய்வில் பயன்பட்ட அளவுகோல்தான் இன்றும் உலகெங்கும் இருக்கிறது: ரத்தமே இல்லாதது 0, லேசான கசிவு, உறிஞ்சத் தேவையில்லை என்றால் 1, எப்போதாவது உறிஞ்ச வேண்டும் என்றால் 2, அடிக்கடி உறிஞ்ச வேண்டும், குழாயை எடுத்துச் சில நொடிகளில் மறைக்கிறது என்றால் 3, எடுத்த உடனே மறைக்கிறது என்றால் 4, உறிஞ்ச உறிஞ்சத் தீரவில்லை என்றால் 5. உங்கள் தியேட்டரில் கால் மணிக்கு ஒருமுறை சர்ஜனைக் கேட்டு இந்த எண்ணைச் சார்ட்டில் எழுதி வாருங்கள். எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது சில மாதங்களில் உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

இனி அளவுகள். டெக்ஸ்மெடிடோமிடின் ஒரு மி.லி.யில் 100 மைக்ரோகிராம். 2 மி.லி. எடுத்து 48 மி.லி. சலைனில் கலந்தால் 50 மி.லி. சிரிஞ்சில் ஒரு மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். முதல் அளவு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 60 மைக்ரோகிராம், 15 மி.லி. இதைப் பத்து நிமிடத்தில் கொடுக்க வேண்டும். பம்பில் மணிக்கு 90 மி.லி. என்று வைப்பீர்கள். வயதானவர், ஏற்கெனவே துடிப்பு குறைவாக உள்ளவர் என்றால் பாதி போதும், அல்லது முதல் அளவே வேண்டாம். பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம். 0.5 என்று வைத்தால் மணிக்கு 7.5 மி.லி.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, முதல் அளவு முடிந்தபின் பம்பை 90-இலிருந்து 7.5-க்கு மாற்ற மறப்பது. முதல் அளவுக்கு வேண்டிய 15 மி.லி.யை மட்டும் தனிச் சிரிஞ்சில் எடுத்துவிட்டால் இந்த விபத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது, இந்த மருந்தின் கணக்கு மணிக்கு, மற்ற பல மருந்துகளின் கணக்கு நிமிடத்துக்கு. பம்பில் ‘நிமிடத்துக்கு’ என்ற அலகு தேர்வாகியிருந்தால் 60 மடங்கு மருந்து போகும். ஓட விடுமுன் அலகை வாய்விட்டுப் படியுங்கள்.

டெக்ஸ்மெடிடோமிடினை வேகமாகத் தள்ளினால் முதலில் பி.பி. ஏறும், துடிப்பு 40-க்கு இறங்கும். சர்ஜன் ‘ரத்தம் கூடுகிறதே’ என்பார். பத்து நிமிடம் என்பதைப் பத்து நிமிடமாகவே கொடுத்தால் இது பெரும்பாலும் வராது. அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆபரேஷன் முடிய இருபது நிமிடம் முன்பே பம்பை நிறுத்தாவிட்டால் நோயாளி விழிக்கத் தாமதமாகும்.

எஸ்மோலால் ஒரு மி.லி.யில் 10 மி.கி. கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் 3 மி.லி., ஒரு நிமிடத்தில். தொடர்ந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 முதல் 300 மைக்ரோகிராம். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைந்துவிடுவதால் நிறுத்தினால் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். பி.பி. எதிர்பாராமல் விழுந்துவிட்டால் இதுவே பெரிய பாதுகாப்பு. மருந்து வெளியேற ஈரலோ சிறுநீரகமோ தேவையில்லை, ரத்தச் சிவப்பணுவிலுள்ள நொதியே சிதைத்துவிடும்.

செலவு பார்க்கும் இடங்களில் மெக்னீசியம் சல்பேட் நல்ல துணை. 50 சதவீத ஆம்ப்யூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். கிலோவுக்கு 40 மி.கி. என்றால் 2.4 கிராம், 4.8 மி.லி. இதை 100 மி.லி. சலைனில் கலந்து கால் மணி நேரத்தில் விட வேண்டும். இது வெக்குரோனியம், அட்ராகூரியம் போன்ற தசைத்தளர்ச்சி மருந்துகளின் வேலையை நீட்டிவிடும். அடுத்தடுத்த அளவுகளைப் பழக்கத்தில் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் நோயாளி மூச்செடுக்கச் சிரமப்படுவார். சிறுநீரகம் பழுதானவருக்கு வேண்டாம்.

எது நல்லது என்று ஒரே ஒரு பதில் கேட்டால்: நன்றாக ஆழ்ந்த மயக்கம், போதுமான வலிமருந்து, அதற்கு மேல் டெக்ஸ்மெடிடோமிடின். துடிப்பு இன்னும் 75-க்கு மேல் நின்றால் சிறிதளவு எஸ்மோலால். நைட்ரோகிளிசரினை இந்த ஆபரேஷனில் முதல் மருந்தாக எடுக்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. வலிமருந்து போதாமல் பி.பி. ஏறியிருக்கும்போது பி.பி. மருந்தைத் தேடுவதுதான் மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. முதலில் வலிமருந்தான ஃபென்டனில் எப்போது, எவ்வளவு கொடுத்தோம் என்று பாருங்கள்.

மருந்தில்லாத விஷயங்களையும் விட்டுவிடாதீர்கள். மேசையின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 டிகிரி உயர்த்துங்கள். மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாயைக் கட்டும் நாடா கழுத்தை இறுக்கக் கூடாது. இறுக்கினால் கழுத்துச் சிரைகள் அடைத்து, எந்த மருந்து கொடுத்தாலும் கறுத்த ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும். வெளிமூச்சுக் கரியமிலவாயு 35 அளவில் இருக்கட்டும். 50-க்கு ஏறினால் சவ்வின் குழாய்கள் விரியும்.

செவோஃப்ளுரேன் வாயுவைவிட புரோபோஃபாலை நரம்பு வழியே தொடர்ந்து கொடுத்தால் ரத்தம் குறையும் என்கிறார்கள். எவ்வளவு உண்மை?
மயக்கவியல் முதுநிலை மாணவி, தஞ்சாவூர்

உண்மைதான், ஆனால் சொல்லப்படும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வாயுக்கள் அளவு கூடக்கூட ரத்தக்குழாயை விரிக்கின்றன. புரோபோஃபாலை ரெமிஃபென்டனில் போன்ற வலிமருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் துடிப்பு நிதானமாகும், பார்வை தெளிவாகும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் மறுஆய்வு, மொத்த ரத்த இழப்பில் பெரிய மாற்றம் இல்லை என்றும் பார்வைத் தெளிவில் சிறிய முன்னேற்றம் உண்டு என்றும் சொல்கிறது. சதை நிறைய வளர்ந்தவருக்கும் மறு ஆபரேஷனுக்கு வருபவருக்கும் அந்தச் சிறிய முன்னேற்றமும் வேண்டும். எளிய கேஸுக்குக் குறைந்த அளவு செவோஃப்ளுரேனும் டெக்ஸ்மெடிடோமிடினும் போதும்.

பம்பில் புரோபோஃபால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 150 மைக்ரோகிராம் என்று ஓட்டுவார்கள். டெக்ஸ்மெடிடோமிடினும் ஓடினால் குறைவாகவே தேவைப்படும். துணிக்கு அடியில் மறைந்திருக்கும் கை ஊசி நழுவினால் மருந்து சதைக்குள் போகும், நோயாளி உள்ளே விழித்துவிடுவார், வெளியே தெரியாது. ஊசி இருக்கும் இடம் கண்ணில் படும்படி துணி போடச் சொல்லுங்கள். மூளை அலை மானிட்டர் இருந்தால் மாட்டுங்கள். நெற்றியில் இடம் போதாது என்று சர்ஜன் முணுமுணுத்தாலும் மாட்டுங்கள்.

மூக்கில் அட்ரினலின் பஞ்சு வைப்பதில் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். 1:1000 நேரடியாக வைக்கலாமா? ஒருமுறை ஊசி போட்டதும் பி.பி. 210 போய்விட்டது. அப்போது என்ன செய்ய வேண்டும்?
காது மூக்கு தொண்டை முதுநிலை மாணவர், மதுரை

நரம்பு வழியாகக் கொடுக்கும் எல்லா மருந்துகளையும்விட, சரியாக வைத்த பஞ்சு அதிக ரத்தத்தைக் குறைக்கும். அதனால் இதில் அவசரம் கூடாது.

அளவுக் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். 1:1000 என்றால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. அட்ரினலின், அதாவது 1000 மைக்ரோகிராம். 1:100000 என்றால் 10 மைக்ரோகிராம். 1:200000 என்றால் 5. சவ்வின் மேல் வைக்க 1:1000 அல்லது 1:2000 பயன்படுத்தலாம். வைத்த இடத்திலேயே குழாய்கள் இறுகிவிடுவதால் உள்ளே உறிஞ்சப்படுவது குறைவு. ஆனால் பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் மிச்சம் தொண்டைக்கு இறங்கும். நூல் வெளியே தொங்கட்டும், எண்ணிக்கை பலகையில் எழுதப்படட்டும். மயக்கம் கொடுத்ததும் பஞ்சை வைத்துவிட்டு, கை கழுவி, துணி போர்த்தி வருவதற்குள் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடம் முழுதாக வேண்டும். குழந்தைகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் 1:1000 வேண்டாம், ஆக்ஸிமெட்டாசோலின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடுவதற்கு 1:100000-ஐவிட வீரியமானது எதுவும் கூடாது. ஆபத்தான விபத்து நடப்பது இங்கேதான். மேசையில் ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் தண்ணீர் மாதிரித் திரவம். பஞ்சுக்கான 1:1000-ஐ யாரோ சிரிஞ்சில் உறிஞ்சிக் கையில் கொடுப்பார்கள். நூறு மடங்கு வீரியம். இதைத் தடுக்க, பஞ்சுக்கான கிண்ணத்தில் ஃப்ளூரசின் சாயம் ஒரு சொட்டு விட்டு மஞ்சளாக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மிக நல்ல பழக்கம். சாயம் இல்லையென்றாலும், 1:1000 சிரிஞ்சில் இருக்கவே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகெயினோடு 1:200000 அட்ரினலின் ரெடியாகக் கலந்த 30 மி.லி. குப்பி கிடைக்கிறது. அது இருக்கும்போது கையால் கலக்காதீர்கள். கலந்தே ஆக வேண்டுமென்றால் 20 மி.லி. லிக்னோகெயினுக்கு 1:1000 அட்ரினலின் 0.1 மி.லி. சேர்த்தால் 1:200000. இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பீர்கள். நம் ஊரில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு சிரிஞ்சுகள் புழங்குகின்றன. 40 சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட், 100 சிரிஞ்சில் 10 யூனிட். 40 சிரிஞ்சை எடுத்து 10 கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு அட்ரினலின் போய்விடும்.

நடு டர்பினேட்டின் (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்பு) முன்பக்கம் மேலே ஒட்டும் இடத்தில் 1 மி.லி., அதன் பின் நுனிக்கு அருகே ஸ்பீனோபாலட்டைன் தமனி வெளிவரும் இடத்தில் 1 முதல் 2 மி.லி. போதும். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, மெதுவாக ஏற்றுங்கள். தொடங்குமுன் ‘ஊசி போடுகிறேன்’ என்று மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். லிக்னோகெயினின் மொத்த அளவு அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மி.கி.: 60 கிலோவுக்கு 420 மி.கி., 2 சதவீதத்தில் 21 மி.லி. பஞ்சை 4 சதவீத லிக்னோகெயினில் நனைத்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இனி, பி.பி. 210. உடனே ஊசியை நிறுத்தி, பஞ்சை எடுத்துவிடுங்கள். மயக்கத்தை ஆழப்படுத்தச் சொல்லுங்கள். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் தானே அடங்கும். காத்திருந்தும் இறங்காவிட்டால் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். முன் பதிலில் நாங்கள் ஒதுக்கிய நைட்ரோகிளிசரினுக்கு இங்கே சரியான வேலை இருக்கிறது. எஸ்மோலால், மெட்டோப்ரோலால், லாபெட்டலால் எதையும் இந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது. உடம்பெங்கும் குழாய்கள் இறுகி நிற்கின்றன, இதயம் அந்தச் சுமையை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் பலத்தைப் பறித்தால் ரத்தம் நுரையீரலில் தேங்கி நீர் கோத்துவிடும், இதயம் நின்றும் போகலாம். மூக்கிலும் தொண்டையிலும் ரத்தக்குழாயை இறுக்கும் ஃபினைலெஃப்ரின் வைத்தபோது இப்படி உயிரிழப்பு நேர்ந்ததால்தான் நியூயார்க் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள்: பெரியவர்களுக்கு முதல் அளவு 0.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, ஏறிய பி.பி.க்கு எஸ்மோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து கூடாது. அட்ரினலினுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

என் மகனுக்கு 24 வயது. ஆஸ்துமா, மூக்கில் சதை, காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டால் இழுப்பு வந்துவிடும். மயக்கம் கொடுப்பது இவனுக்கு ஆபத்தா?
வாசகர், சேலம்

ஐயா, இந்த மூன்றும் சேர்ந்து வருவது டாக்டர்களுக்கு நன்கு தெரிந்த ஒரே நோய். சொல்லிவிட்டால் பாதுகாப்பாகச் செய்யலாம். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. ஆபரேஷன் முடிவில் வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் ஊசிகள் அவனுக்கு ஆகவே ஆகாது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பாரசிட்டமால் சாதாரண அளவில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பி.பி.யைக் குறைக்க லாபெட்டலால், புரோப்ரனலால் வேண்டாம், மூச்சுக்குழாயை இறுக்கும். எஸ்மோலாலையும் தவிர்ப்பதே மேல். டெக்ஸ்மெடிடோமிடின் இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது.

ஆபரேஷனுக்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் பிரெட்னிசலோன் மாத்திரை, பெரும்பாலும் தினம் 30 மி.கி. அளவில், தருவார்கள். சதை சுருங்கும், சவ்வின் வீக்கம் வற்றும், ரத்தம் கண்கூடாகக் குறையும், நுரையீரலும் தெளியும். இதை ஒருநாள் கூட விடாமல் சாப்பிட வையுங்கள். இன்ஹேலரை ஆபரேஷன் அன்று காலையிலும் எடுத்துவிட்டு, கையோடு கொண்டு போகட்டும். சளி, காய்ச்சல், இழுப்பு இருக்கும் வாரத்தில் ஆபரேஷன் வேண்டாம்.

வைட்டமின் கே, எத்தாம்சைலேட் ஊசிகளை எல்லோருக்கும் போடுகிறார்களே, பலன் உண்டா? டிரனெக்ஸாமிக் ஆசிட் அதைவிட நல்லதா?
வாசகர், ஈரோடு

ஈரல் நோயோ, வார்ஃபரின் மாத்திரையோ, சத்துக்குறைவோ இல்லாதவருக்கு வைட்டமின் கே எதையும் கூட்டாது. எத்தாம்சைலேட் பழக்கத்தில் தொடர்கிறது. அதை நம்பி மற்றவற்றைத் தளர்த்தக் கூடாது. ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிடுக்குச் சான்று இருக்கிறது. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியினர் 1962-இல் கண்டுபிடித்த மருந்து இது. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நடைமுறையில் 1 கிராம், ஆபரேஷன் தொடங்குமுன் பத்து நிமிடத்தில் மெதுவாக. வேகமாகப் போட்டால் பி.பி. விழும். வலிப்பு நோய் உள்ளவருக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவருக்கும், புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கும் யோசித்தே கொடுக்க வேண்டும்.

ஊசிகளைவிட முக்கியம், வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இவற்றை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூட்டுவலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஆபரேஷன் முழுக்க ரத்தமே இல்லை, ஆனால் மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்ததும் இருமி, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. வார்டுக்கு வந்த பிறகும் சிலருக்கு வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்

இறக்கி வைத்த பி.பி.யை அப்படியே வைத்து மூக்கை அடைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். தாழ்ந்த அழுத்தத்தில் ஒளிந்திருந்த தமனி, பி.பி. ஏறியதும் வாய் திறக்கும். அதனால் மூக்கை அடைக்கும் பேக் வைக்குமுன் பத்து நிமிடம் பி.பி.யை வழக்கமான அளவுக்கு வர விட்டு, மேசையைச் சமமாக்கிப் பார்த்து, கசியும் இடத்தைச் சுட்டுவிட வேண்டும். பல தியேட்டர்களில் நேரமில்லை என்று இதைத் தவிர்க்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தினால் இரவு மறுபடியும் தியேட்டரைத் திறக்க நேரலாம்.

குழாய் எடுக்கும்போது இருமல் வந்தால் தலையின் சிரைகளில் அழுத்தம் ஏறும். டெக்ஸ்மெடிடோமிடினின் மிச்சமோ, எடுக்குமுன் நரம்பில் கொடுக்கும் லிக்னோகெயினோ (கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி.) இருமலை அடக்கும். ஊசியில் போட்ட லிக்னோகெயினின் கணக்கு நிறைந்திருந்தால் இதைத் தவிர்க்கவும். எடுப்பதற்கு முன், நாக்கை விலக்கி, கண்ணால் பார்த்து, உள்நாக்குக்குப் பின்னே மேலே ஒளிந்திருக்கும் ரத்தக்கட்டியை உறிஞ்ச வேண்டும். அது பிறகு மூச்சுக்குழாயில் விழுந்தால் மூச்சே நின்றுவிடும். தொண்டையில் துணி வைத்திருந்தால் நுனி வாய்க்கு வெளியே தெரிய வேண்டும், வைத்ததும் எடுத்ததும் பலகையில் இருக்க வேண்டும், நோயாளி நெற்றியில் ஒரு பட்டையும் ஒட்ட வேண்டும். எடுத்ததை ஒருவர் சொல்ல, இன்னொருவர் பார்த்து உறுதி செய்யட்டும். குழாய் எடுத்தபின் முகமூடி வைத்து அழுத்திக் காற்று ஊதுவதைக் கூடியவரை தவிர்க்கவும். மெல்லிய எலும்பு உடைந்திருந்தால் காற்று கண் குழிக்கோ மூளைப்பக்கமோ போய்விடும்.

வார்டில் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வையுங்கள். மூக்குக்குக் கீழே கட்டிய துணி லேசாக நனைவது சாதாரணம். அரை மணியில் துணி முழுக்க நனைந்தால், நோயாளி அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால், கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தால், ரத்தம் பின்பக்கமாக இறங்குகிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து டார்ச் அடித்துத் தொண்டையின் பின்சுவரைப் பாருங்கள். தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது கண். ஒரு கண் வீங்கி முன்னே தள்ளினாலோ, விழி அசையாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ கண் குழிக்குள் ரத்தம் சேர்கிறது. கண் குழியிலிருந்து மூக்குக்கு வரும் முன் எத்மாய்டு தமனி அறுபட்டு, உள்ளே சுருங்கிக்கொண்டு கசியும்போது இப்படி நேரும். சர்ஜனுக்கு உடனே போன், மூக்கு பேக்கை எடுக்க ஆயத்தம், கண் மருத்துவருக்கும் தகவல். அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள், ஒன்றரை மணியைத் தாண்டாமல், விடுவிக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். அதனால் முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை கண்ணுக்கு டார்ச் அடித்து, விரல்களை எண்ணச் சொல்லிச் சார்ட்டில் எழுதுங்கள். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணாக, இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது: இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புநீரில் கழுவ வேண்டும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் கிருமித்தொற்றால் திடீரென்று ரத்தம் வரலாம். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால், இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.